ஹிஸ்டரியில் நான் விட்டுவைத்தவை

சீனு, இதை அவசரமாகப் படிக்காதே. சட்டையை மாற்றிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து படி. பவித்ரா எங்கே என்று அறை அறையாகத் தேட வேண்டாம். அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆனால் முதலிலிருந்து படித்தால்தான் அந்தப் பதில் உனக்குப் புரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் சேலையூருக்குச் சாப்பிட வந்தீர்கள். சாப்பாடு முடிந்து, மாடியில் காய்ந்த துணியை எடுத்து வருகிறேன் என்று அவள் போனாள். அவள் படியேறும் சத்தம் நின்றதும் நீ சமையற்கட்டுக்கு வந்தாய். கை கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் பேசினாய். "அம்மா, அவ தெனமும் லேப்டாப்ல ஹிஸ்டரிய அழிச்சிடுறா. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒரு நாளுக்குக்கூட மிச்சம் வெக்கிறதில்ல. ஒண்ணுமில்லன்னா எதுக்கும்மா அழிக்கணும்? நீ கொஞ்சம் பேச்சுக் குடுத்துப் பாரேன், உங்கிட்ட சொல்லுவா." கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. நான் குழாயை மூடினேன், வேறொன்றும் சொல்லவில்லை. அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். 'ஒண்ணுமில்லன்னா எதுக்கு அழிக்கணும்' என்பதை இதே வீட்டில், இதே இழுவையோடு ஏற்கெனவே என் காதால் கேட்டிருக்கிறேன். உனக்கு அப்பாவின் மூக்கு வந்திருப்பது பிறந்த அன்றைக்கே தெரிந்தது. அவர் குரலும் வந்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

நீ திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம். உன் பன்னிரண்டாம் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஹாலில் சும்மா கிடந்தது. வண்டலூர்ப் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. நாலரை மணிக்கு மாணவர்கள் கிளம்பிய பிறகு, அங்கிருந்த கம்ப்யூட்டர்களில் அன்றைக்கு யார் யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பட்டியலை அழித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் புறப்படுவேன். யாரோ உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைத்துவைப்பது போன்ற வேலை அது. அழிக்கும்போது கண்ணில் படத்தான் செய்யும். பெண்பிள்ளைகள் டாக்டரிடம் கேட்கக் கூசுவதை எல்லாம் அங்கே கேட்டிருப்பார்கள். பையன்கள் காதல் கடிதம் எழுதுவது எப்படி என்று தேடியிருப்பார்கள். ஒன்றைக்கூட நான் வெளியே சொன்னதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் எதையும் அழித்ததில்லை. அழிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரிக்கு நூலகர் வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். உதவியாளர் இல்லை, நூலகர். நூலகமே என் பொறுப்பில் இருக்கும். திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நீயும் வீட்டில் இல்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன். ஒரு மாதமாகியும் தகவல் இல்லை. மதிய உணவு நேரத்தில் நூலகத்து வராந்தாவில் நின்று அந்தக் கல்லூரிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் என் பெயரைக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், உங்க வீட்டுக்காரர் பேசினாரு. உங்களுக்கு மனசு சரியில்ல, ட்ரீட்மென்ட்ல இருக்கீங்க, இப்படித்தான் அங்கங்க அப்ளிகேஷன் போட்டுடுறீங்கன்னு சொன்னாரு. ஒடம்பப் பாத்துக்கங்க மேடம்" என்றாள். எவ்வளவு பரிவான குரல் தெரியுமா? நான் 'சரிங்க, தேங்க்ஸ்' என்று சொல்லி வைத்தேன். நன்றி வேறு சொன்னேன்!

உன் அப்பா குரோம்பேட்டையில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்பதும், பரீட்சையில் காப்பி அடிப்பவனை முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்பதும் ஊருக்கே தெரியும். அந்தக் கண்ணை வீட்டிலும் திறந்தே வைத்திருந்தார் என்பது எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. அன்று மாலை கேட்டேன். அவர் செய்தித்தாளைக்கூடக் கீழே இறக்கவில்லை. "வீட்ல இருக்கிறது ஒரு கம்ப்யூட்டர். நான் பாக்கக் கூடாதா? பாத்தேன். பொண்டாட்டி ஊர் விட்டு ஊர் போறேன்னு கெளம்பினா நான் கைகட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றார். "அதுக்கு எனக்குப் பைத்தியம்னு சொல்லணுமா?" என்றேன். "வேற எப்படிச் சொன்னா விடுவாங்க?" என்றார். அவ்வளவுதான். இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று அடுத்ததாகக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் வீட்டிலும் அழிக்க ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் அல்ல, எனக்கு மட்டும் என்று தோன்றியதை. முகவரிக்குப் பக்கத்தில் டிக் போட்டு அந்த ஒன்றை மட்டும் நீக்குவேன். இரண்டாவது நாளே பிடித்துவிட்டார். "ஆறேகால்லேந்து ஏழு வரைக்கும் ஒண்ணுமே இல்லையே, கம்ப்யூட்டர தொறந்து வெச்சுட்டுத் தூங்கினியா?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. ஒண்ணுமில்லன்னா எதுக்கு அழிக்கணும்? இனிமேல் எதையும் அழிக்கக் கூடாது என்று ஹாலில் நின்று எனக்குச் சட்டம் போட்டார். நானும் தலையாட்டினேன்.

அடுத்து நடந்தது தற்செயல். ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை. எந்த மருந்து வாங்கலாம் என்று கம்ப்யூட்டரில் பார்த்தேன், அழிக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டேன். மறுநாள் மாலை காபி கொடுத்தேன். அப்பா வாங்கி முகர்ந்தார். கையிலேயே வைத்திருந்தார். "இன்னைக்கு என்ன ஒரு மாதிரி கசக்குது?" என்றார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, சீனு. குடிக்காமலே கசந்தது அவருக்கு. நான் அந்த டம்ளரையும் அவர் முகத்தையும் பார்த்தேன். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தபோது, புதுச்சேரிக்குப் போன் செய்த நாளிலிருந்து மார்பில் கிடந்த கல் லேசாக நகர்ந்தது.

அன்று தொடங்கி எட்டு மாதம் உன் அப்பாவுக்கென்றே தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். அரளி விதையைப் பற்றி ஒரு நாள். பிரேதப் பரிசோதனையில் எதெல்லாம் தெரியாது என்று ஒரு நாள். நடுவில் இரண்டு நாள் ரசப்பொடியும் ரவிக்கை டிசைனும் சர்க்கரைக்குப் பத்தியமும். வாரிசுச் சான்றிதழ் வாங்க என்னென்ன தாள் வேண்டும் என்று மூன்று நாள் தொடர்ந்து பார்த்தேன். எதையும் செய்ய எனக்கு எண்ணம் இல்லை. எண்ணம் இருப்பதாக அவர் நினைத்தால் போதும். அவரால் என்னைக் கேட்கவும் முடியவில்லை. வெளியே சொன்னால் மனைவியின் கம்ப்யூட்டரைத் தினமும் நோண்டுவதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் முதலில் சாப்பிட்ட பிறகு அதே பாத்திரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். பிறகு அதுவும் இல்லை. ஸ்டேஷன் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூமில் பார்ட்டி என்பார். வாரத்துக்கு நான்கு பார்ட்டி! பெல்ட்டில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

இனிமேல் சொல்லப்போவது உனக்கும் ஞாபகம் இருக்கும். உன் பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு நீ வந்திருந்தாய். சேமியா பாயசம் வைத்தேன். மூன்று டம்ளரில் ஊற்றினேன். நீ உன்னுடையதை ஒரே மூச்சில் குடித்து முடித்தாய். அப்பா தன் டம்ளரை விரலால் மெதுவாக உன் பக்கம் தள்ளினார். "எனக்கு சுகர் ஏறிக் கெடக்குடா. இதையும் நீயே குடி" என்றார். சொல்லிவிட்டு உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதில் ஏதாவது இருந்தால் பெற்றவள் பிள்ளையைக் குடிக்க விடமாட்டாள் அல்லவா? அதுதான் அவருடைய கணக்கு. நான் பேசாமல் இருந்திருந்தால் அன்றோடு அவர் பயம் தீர்ந்திருக்கும். நீ டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாய். நான் பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கி, சிங்க்கில் கொட்டி, குழாயையும் திறந்துவிட்டேன். "ஏம்மா? பாயசத்தப் போய்க் கொட்டுறே?" என்று கத்தினாய். "பால் திரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றேன். "இப்பதானே ஒரு டம்ளர் குடிச்சேன், நல்லாத்தானே இருந்துச்சு!" என்றாய். உன் அப்பாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. நகங்கள் வெளுத்துப்போய்விட்டன. அந்தப் பாயசத்தில் பாலும் சர்க்கரையும் முந்திரியும்தான் இருந்தன. உன்னை வைத்து அவர் என்னைச் சோதித்தார். உன்னை வைத்தே நான் அவரைக் கொல்லாமல் கொன்றேன். நீ திருச்சிக்குப் போய் ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை. அதற்காக மட்டும் இன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ கிளம்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பஞ்சாயத்துக் கூட்டினார். பம்மலிலிருந்து உன் மாமா வந்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து அத்தை வந்தாள். அத்தையை அழைத்துவர அப்பா தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போன முக்கால் மணி நேரத்தில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மொத்தமாக அழிக்கவில்லை. மொத்தமாக அழித்திருந்தால் அதுவே சாட்சியாகிவிடும். பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். அரளி போயிற்று, பிரேதப் பரிசோதனை போயிற்று, வாரிசுச் சான்றிதழ் போயிற்று. மற்றதை எல்லாம் விட்டுவைத்தேன். கையெல்லாம் நிதானமாக இருந்தது. நூலகத்தில் இத்தனை வருஷம் செய்த வேலைதானே?

அப்பா எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, பரீட்சைத்தாள் திருத்திக்கொடுக்கிற முகத்தோடு ஹிஸ்டரியைத் திறந்தார். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "சர்க்கரைக்கு வெந்தயம் நல்லதா... சர்க்கரை நோயாளிகளுக்கான சிற்றுண்டி... கணவர் எடை குறைந்தால் என்ன செய்வது... ஏன்டா, இதுக்காடா என்னை வரச்சொன்னே?" அப்பா மேலும் கீழும் உருட்டினார். "இல்லக்கா, அழிச்சிட்டா. காலைல வரைக்கும் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்." மாமா கேட்டார், "காலைல எதுக்கு மாப்ள அதப் பாத்தீங்க?" "தெனமும் பாப்பேன்" என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மாமாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தப் புதுச்சேரிப் பெண்ணின் குரலை என் தொண்டையில் வரவழைத்து, "கொஞ்ச நாளாவே இப்படித்தான் அண்ணா. வீட்ல சாப்பிடுறதில்ல. அவருக்கு மனசு சரியில்ல" என்றேன். உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்தது. புரியாமல் போய்விடுமோ என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

அத்தைதான் தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மனைவி விஷம் வைக்கிறாள் என்று ஒருவர் சொன்னால், மனைவி எதிரே உட்கார்ந்து அழுதால், எந்த மருத்துவரும் என்ன எழுதுவாரோ அதைத்தான் அவரும் எழுதினார். இரண்டு வருஷம் மாத்திரை. பள்ளியில் பத்தாம் வகுப்பை அவரிடமிருந்து எடுத்து, அவரிடமே படித்த ஒருவனுக்குக் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்புக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றார். தினமும் சாயங்காலம் அந்த மாத்திரையை நான்தான் உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார். அவருக்கு உண்மையிலேயே ஏதாவது இருந்ததா, இல்லை நான்தான் உண்டாக்கினேனா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

நான் செய்த பெரிய தவறு அது என்று நினைக்கிறாயா? இல்லை. அடுத்த வருஷம் அதே புதுச்சேரிக் கல்லூரி அதே வேலைக்கு மறுபடி ஆள் கேட்டது. நான் பார்த்தேன். அப்பா அப்போது கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை, மாத்திரை போட்டதும் தூங்கிவிடுவார். தடுக்க யாருமில்லை. அறிவிப்பை முழுக்கப் படித்தேன். விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன், மூடினேன். நான் போய்விட்டால் அவருக்கு யார் மாத்திரை கொடுப்பது, அவர் விழுங்குவதை யார் பார்ப்பது என்று தோன்றியது. பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது, சீனு. அவரைப்போலவே எனக்கும். யாரும் கேட்காமலே அந்த முகவரியை நானே டிக் போட்டு அழித்தேன். போயிருக்க வேண்டியவள், பழி வாங்க உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. இதை ஒரு மாதிரித் தோல்வி என்று சொல்லக்கூட இத்தனை வருஷம் ஆயிற்று.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, நீ ஆபீஸ் போன பிறகு மேடவாக்கத்தில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் லாரி கேட்டை மறித்து நின்றதால் கீழேயே பத்து நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பவித்ரா கதவைத் திறந்ததும், நீ சமையற்கட்டில் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. "தெரியும் அத்தை. நான் குளிச்சிட்டு வரும்போதெல்லாம் மூடி வெச்ச லேப்டாப் சூடா இருக்கும்" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "போன மாசம் என் டீம் லீடுக்குப் போன் பண்ணி, நான் நெஜமாவே லேட் ஷிஃப்ட்லதான் இருக்கேனான்னு கேட்டிருக்காரு அத்தை. ஆபீஸ் முழுக்கத் தெரியும். லிஃப்ட்ல ஏறினா பேச்ச நிறுத்திடுறாங்க." நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எந்தக் கல்லூரிக்கு யார் போன் செய்தார் என்று அவளுக்குத் தெரியாது. என் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள்.

எதை அழிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "பெருசா ஒண்ணுமில்ல அத்தை. தலைவலி மாத்திரை, சுடிதார், லேடீஸ் ஹாஸ்டல்." மூன்றையும் ஒரே குரலில் சொன்னாள். அடுத்து அவள் சொன்னதில்தான் நான் எழுந்து நின்றுவிட்டேன். "அழிக்கிறதாலதானே இவ்வளவு சந்தேகம்? பேசாம, அவர் பாக்கட்டும்னே எதையாச்சும் போட்டு வெச்சா என்னன்னு தோணுது அத்தை. ஒரு வாரம் தூக்கம் வராம பண்ணணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்று இந்த மேடவாக்கத்திலும் தாம்பரத்திலும் என்னைவிட யாருக்குத் தெரியும்? அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, உனக்கு இப்போது எழுதியதை எல்லாம் அவளிடம் சொன்னேன். எதிலும் குறைக்கவில்லை. முடித்ததும் அவள் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். பிறகு, "எந்த ஹாஸ்டல் பரவாயில்லன்னு நீங்களும் பாக்குறீங்களா?" என்று கேட்டாள். "ஹாஸ்டல் எதுக்கு? எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றேன்.

இன்று காலை நீ ஆபீஸ் கிளம்பிய பிறகு இரண்டு பெட்டியோடு அவள் சேலையூர் வந்துவிட்டாள். உன் அறையில் இருக்கிறாள். அந்த அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் சரியில்லாமல் இருந்தது, நேற்றே ஆள் கூப்பிட்டு மாற்றிவிட்டேன். அவளைப் பார்க்க வேண்டும் என்றால் அவளைக் கேள். அவள் வரச்சொன்ன அன்றைக்கு வா. அவள் என்ன செய்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று எனக்குப் போன் செய்து கேட்டால், என் பிள்ளையாகவே இருந்தாலும் நம்பரைத் தடை செய்துவிடுவேன். அதையும் கற்றுவைத்திருக்கிறேன். அவள் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. வரச்சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு மிச்சம் வைத்திருந்தது முழுக்க உன் பக்கம் திரும்பியிருக்கிறது.

உனக்குத் துணைக்குத்தான் அப்பாவை அனுப்பியிருக்கிறேன். கொஞ்ச நாள் சீனு வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்றேன். "சமையல் யாரு?" என்றுதான் முதலில் கேட்டார். "சீனுதான்" என்றேன். மறுபேச்சு இல்லை, உடனே சட்டைகளை மடிக்க உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பையின் பக்கவாட்டில் இருக்கின்றன. மற்ற மாத்திரை எப்போதோ நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் பார்ப்பதற்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒருவரை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். சீனுவிடம் மட்டும் கொடுங்கள், நீங்கள் பிரிக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். உறையை மடித்திருக்கிறேனே தவிர ஒட்டவில்லை. ஆட்டோ செம்பாக்கம் தாண்டும் முன்பே அவர் எடுத்திருப்பார், மேடவாக்கம் வருவதற்குள் கடைசி வரி வரை படித்திருப்பார். இதையெல்லாம் அவரிடம் நேருக்கு நேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வரவும் வராது. அதனால் அவருக்குத் தெரிந்த வழியிலேயே சொல்லிவிட்டேன். அவர் இப்போது உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார், சீனு. படித்தீர்களா என்று நீ கேட்க வேண்டியிருக்காது.